தனித்து வாசிப்பதும் கூடி வாசிப்பதும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் மார்க்கத்தில், திருவள்ளூரைக் கடந்து மேற்கே சென்றால் வரும் திருவாலங்காடு, நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை என்று போற்றப்படும் தலம் என்பதையும், காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைக் கண்டுகொண்டே இருக்கும் பேறு பெற்ற இடம் என்பதையும் அறியாத சைவர் இருக்க முடியாது. ஆயினும், அம்மையார் இத்தலத்தின்மீது பாடிய இரண்டு பதிகங்களுள் ஒரு பாட்டு, ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டு, உடனே தக்கை, துந்துபி, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, வீணை, தாளம் என்று பத்துக்கு மேற்பட்ட வாத்தியங்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவை யாவும் கலந்து ஒலிக்க ஆடுபவனின் இடம் இது என்று முடிவதைச் சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர்கள்கூடப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நட்டபாடையிலும் இந்தளத்திலும் அமைந்த அந்தப் பதிகங்கள், பண்ணோடு நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ்ப் பாடல்களுள் மிகப் பழமையான வரிசையைச் சேர்ந்தவை. தேவார மூவருக்கும் முற்பட்ட அந்நாளிலேயே, பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும் சபை ஒன்றை ஒரு கவி தம் மனக்கண்ணால் கண்டு, அதற்கு இந்த ஆலங்காட்டையே அரங்கமாக வைத்திருக்கிறார். பின்னர் வந்த சிற்பிகளோ அந்தச் சபையில் அம்மையாருக்கு ஓர் உத்தியோகத்தையும் நிர்ணயித்துவிட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்சிற்பத்திலாகட்டும், நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கும் சோழர் காலத்து உலோகத் திருமேனியிலாகட்டும், எலும்புந் தோலுமாக அமர்ந்திருக்கும் அம்மையாரின் கைகளில் இருப்பவை வீணையும் அல்ல, முழவும் அல்ல. ஒரு ஜோடித் தாளம். பெருமுழக்கம் செய்யும் கருவிகள் எத்தனையோ சூழ்ந்திருக்க, காலத்தைக் காக்கும் வேலையை அம்மையாரிடம் ஒப்படைத்த சிற்பியின் லய ஞானத்தை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஏனெனில் ஒருவர் தனித்து வாசிப்பதற்கும் பலர் கூடி வாசிப்பதற்கும் உள்ள வேற்றுமையைக் கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் மனோதத்துவ, நரம்பியல் அறிஞர்கள் கண்டிருப்பவற்றில் பெரும்பகுதி, காலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற இந்த ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதலில் தனித்து வாசிப்பவரை எடுத்துக்கொள்வோம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்யும்போது, அடுத்த பிடி எந்தக் கணத்தில் வரவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் உலகத்தில் அவர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. காந்தாரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே மூச்சு வாங்குவது, எந்தப் பிருகாவை எந்த வேகத்தில் உருட்டி இறக்குவது என்ற எதற்கும் அவர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆலாபனைக்குத் தாளக் கட்டு கிடையாது என்பதால் இந்தச் சுதந்திரம் பூரணமானது. ஆனால் தாளக் கட்டுள்ள உருப்படியை ஒருவர் துணையின்றி வாசிக்கத் தொடங்கிய உடனேயே, அவருடைய சரீரத்துக்குள் இருக்கும் கடிகாரம் எவ்வளவு துல்லியமானது என்ற பரீட்சை ஆரம்பமாகிவிடுகிறது.

இந்தக் கடிகாரத்தைப்பற்றி ஆலன் விங், ஆல்ஃபிரட் கிறிஸ்டாஃபர்சன் என்ற இருவர் 1973-இல் வெளியிட்ட கொள்கை இன்றும் இத்துறைக்கு அஸ்திவாரமாக இருந்துவருகிறது. ஒரே சீராக விரலால் தட்டிக்கொண்டு வரும் ஒருவரின் தட்டல்களுக்கு இடையேயுள்ள அவகாசங்களை அளந்து பார்த்தால், அவை ஒன்றுக்கொன்று சிறிது ஏறியும் இறங்கியுமே இருக்கும். பயிற்சியற்றவர்களுக்கு அந்த ஏற்றத்தாழ்வு நூற்றில் மூன்று முதல் ஐந்து பங்குவரை போகலாம். இந்தப் பிழை இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்பது அவர்களுடைய கொள்கை. மூளைக்குள் ‘இப்போது தட்டு’ என்று ஆணையிடும் கடிகாரத்தில் உள்ள தடுமாற்றம் ஒன்று. அந்த ஆணை நரம்பு வழியே இறங்கிக் கையின் அசைவாக மாறுவதற்குள் ஏற்படும் தாமதத்தின் தடுமாற்றம் மற்றொன்று. கையின் தாமதத்தால் வரும் பிழை அடுத்த தட்டலிலேயே தானாகச் சரியாகிவிடும்; ஏனெனில் ஒரு தட்டல் தாமதித்தால் அதற்கு முந்திய அவகாசம் நீள, பிந்திய அவகாசம் அதே அளவு குறுகிவிடுகிறது. கடிகாரத்தின் பிழையோ அப்படியன்று. அது அடுத்த ஆவர்த்தத்துக்கும், அதற்கடுத்த ஆவர்த்தத்துக்கும் சேர்ந்துகொண்டே போகிறது. தனித்துச் சாதகம் செய்யும் மாணவன், தான் சீராகவே வாசிப்பதாகப் பூரணமாக நம்பிக்கொண்டிருக்கும்போதே பல்லவியில் ஒரு காலப்பிரமாணமும் சரணத்தில் வேறொரு காலப்பிரமாணமுமாகப் போய்ச் சேர்வதன் காரணம் இதுதான். அவனுக்கு அதை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இனி, இரண்டாவது மனிதர் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்திலிருந்து ஒவ்வொருவரும் மற்றவருடைய ஒலிக்கும் தம்முடைய ஒலிக்கும் இடையேயுள்ள மிகச் சிறிய முன்பின்னைச் செவியால் அளந்து, தம் அறிவுக்கே எட்டாத விரைவில், அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை அடுத்த தட்டலில் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். உற்சவ மூர்த்தியைத் தோளில் ஏந்திவரும் சீர்பாதந் தாங்கிகள், முன்னே செல்பவர் ஓர் அடியைச் சற்று நீட்டி வைத்துவிட்டால் பின்னே வருபவர் சொல்லாமலே தம் அடியை நீட்டிக்கொள்வது போன்ற காரியம் இது. விங் முதலியோர் 2014-இல் இரண்டு நால்வர் தந்திக் கோஷ்டிகளை இம்முறையில் அளந்து பார்த்தார்கள். ஒரு கோஷ்டியில், முதல் வயலின் வாசித்தவர் மற்ற மூவருக்காகத் தம்மைத் திருத்திக்கொண்டதைவிட, மற்ற மூவரும் அவருக்காகத் தங்களைத் திருத்திக்கொண்டது அதிகமாக இருந்தது. அதாவது அங்கே ஒரு தலைவர் இருந்தார். இன்னொரு கோஷ்டியிலோ நால்வரும் ஏறத்தாழ ஒரே அளவு விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு கோஷ்டிகளுமே உயர்ந்த தரத்தில் வாசித்தவை. ஆகவே கூட்டு வாசிப்புக்குத் தலைமை ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பதோ, இருக்கவே கூடாது என்பதோ விதியாகாது. நம் ஊரிலும் வி. எஸ். நரசிம்மனின் மதராஸ் நால்வர் தந்திக் கோஷ்டி கர்நாடகக் கிருதிகளை இந்த அமைப்பில் வாசித்திருக்கிறது; அதை இவ்வாறு அளந்து பார்க்க ஓர் ஆராய்ச்சியாளர் முன்வரவேண்டும் என்பது என் ஆசை.

கூடி வாசிப்பதால் விளையும் லாபம் கணித சாஸ்திரப்படியும் விளங்கக்கூடியதே. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் பிழை செய்யும் நான்கு கடிகாரங்களின் சராசரியை எடுத்தால், அந்தச் சராசரியின் பிழை ஒரு கடிகாரத்தின் பிழையில் பாதியாகிவிடும். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுத் திருத்திக்கொள்ளும்போது, தாங்கள் அறியாமலே அந்தச் சராசரியை நோக்கி நகர்கிறார்கள். ஆனால் லாபத்தோடு ஒரு நஷ்டமும் கூட வருகிறது. பஜனை கோஷ்டிகளிலும் கும்மியிலும் பாட்டு மெதுவாக ஆரம்பித்து, யாரும் தூண்டாமலே விரைவு ஏறி, முடிவில் சொற்களே புரியாத வேகத்தில் போய் நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பக்திப் பரவசத்தால் அப்படி ஆகிறது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், பக்திக்குச் சிறிதும் இடமில்லாத ஆராய்ச்சிச் சாலையிலும் அதுவே நிகழ்கிறது. தனித்தனியே தட்டும்போது இருப்பதைவிட, இருவர் சேர்ந்து தட்டும்போது வேகம் அதிகமாக ஏறிவிடுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் எழுதினார்கள். மற்றவர் முந்திவிட்டால் நாம் உடனே எட்டிப் பிடிக்கிறோம். நாம் முந்திவிட்டாலோ அவர் எட்டிப் பிடிக்கிறார். பின்வாங்குவது மட்டும் இருவருக்கும் அவ்வளவு எளிதாக வருவதில்லை என்று இதற்குச் சமாதானம் கூறுவர். இதனால்தான் கூட்டம் பெருகப் பெருக, பாடவும் ஆடவும் போகாமல் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒரு மனிதர் அவசியமாகிறார்.

ஒலியின் வேகமும் இதில் குறுக்கிடுகிறது. திருவள்ளூர் வட்டாரத்து வெயிலில், காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் தூரம் செல்கிறது. நாகஸ்வரக்காரருக்கும் அவர் பக்கத்தில் நிற்கும் தவில்காரருக்கும் இடையே ஒரு மீட்டர்தான் என்றால், ஒருவர் ஒலி மற்றவர் செவியை எட்ட மூன்று மில்லி விநாடிக்குக் குறைவாகவே ஆகும். எட்டு, ஒன்பது மீட்டர் தள்ளி நின்றால் அது இருபத்தைந்து மில்லி விநாடியாகிறது. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ் சேஃப் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், இருவரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் கைத்தட்டல் மற்றவர் செவியை மூன்று முதல் எழுபத்தெட்டு மில்லி விநாடிவரை தாமதித்து எட்டுமாறு செய்தார்கள். பத்து முதல் இருபது மில்லி விநாடித் தாமதத்தில் வேகம் நிலைத்து நின்றது. அதற்கு மேற்பட்ட தாமதத்தில், ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்து காத்திருந்து வேகம் தளர்ந்தது. அறுபதுக்கு மேல் போனபோது கூட்டு வாசிப்பே குலைந்தது. தாமதம் மிக அற்பமாக இருந்தபோது மட்டும் வேகம் ஏறியது என்பது மேலே சொன்ன பஜனை கோஷ்டியை நினைவூட்டுவதாக இருக்கிறது.

சுவாமி புறப்பாட்டில் மேளக்காரர்கள் ஏன் நெருங்கியே நடக்கிறார்கள் என்பதற்கும், முன்னே ஒரு மேளமும் பின்னே ஒரு மேளமுமாக இரண்டு கோஷ்டிகள் வரும்போது ஏன் ஒன்று ஓய்ந்தபின்பே மற்றொன்று தொடங்குகிறது என்பதற்கும் சம்பிரதாயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நடுவே முப்பது மீட்டர் இடைவெளி இருந்தால் ஒலி வந்து சேர எண்பத்தைந்து மில்லி விநாடி ஆகிவிடும். அந்தத் தூரத்தில் எப்பேர்ப்பட்ட வித்வான்களாலும் விரைவுக் கால உருப்படி ஒன்றைச் சேர்ந்து வாசிக்க இயலாது. கொரோனா நோய்க் காலத்தில் சென்னையில் இருக்கும் பாடகரும் டொரண்டோவில் இருக்கும் மிருதங்கக்காரரும் கணினித் திரையின் வாயிலாகச் சேர்ந்து கச்சேரி செய்ய முயன்று கைவிட்டதும் இதே காரணத்தால்தான். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்றாலும், பதின்மூவாயிரம் கிலோமீட்டரைக் கடக்கவே அறுபத்தைந்து மில்லி விநாடி ஆகிறது; இடையே உள்ள இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு.

இத்தனை தடைகளையும் மீறி மனிதர்கள் சேர்ந்து வாசிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் நாம் கேட்டபிறகு செயற்படுகிறவர்கள் அல்லர் என்பதே. ஓர் ஒலியைக் கேட்டு அதற்கு விடையாகக் கையை அசைக்கக் குறைந்தது நூற்று ஐம்பது மில்லி விநாடி அளவு வேண்டும். வேகக் கால ஸ்வரத்தில் அதற்குள் ஒரு ஸ்வரம் பிறந்து மறைந்தே போயிருக்கும். ஆகவே கூடி வாசிப்பவர் ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த ஊகத்தின்மேல் தம் வாசிப்பை வைக்கிறார். நாகஸ்வரக் கோஷ்டியின் பக்கத்தில் நின்று கவனித்தவர்களுக்கு இந்த ஊகம் எப்படி நிகழ்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பிரதான வித்வான் சீவாளியை உதட்டில் வைத்து நனைத்துக்கொள்ளும்போதும், கன்னம் உப்பி அடங்கும்போதும், தோள்கள் சிறிது உயர்ந்து மூச்சு உள்ளே இழுக்கப்படும்போதும், கூடு மாட்டிய வலக்கை விரல்களைத் தோலின்மேல் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, இடக்கைக் கழியை அரை சாண் உயரத்தில் நிறுத்தியபடி, தவில்காரர் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. மூச்சு வாங்கும் அந்த அசைவு முடிவதற்குள், எடுப்பு எந்த இடத்தில் விழப்போகிறது என்பது தவில்காரரின் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த ஊகத்துக்கு எது உதவுகிறது? பீட்டர் கெல்லர், குந்தர் நோப்ளிக், புருனோ ரெப் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே மிகவும் பொருத்தமானது. பியானோ வித்வான்கள் சிலரை இருவர் சேர்ந்து வாசிப்பதற்குரிய உருப்படிகளின் ஒரு பகுதியை வாசிக்கச் செய்து பதிவு செய்துகொண்டார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களையே வரவழைத்து, பதிவான வாசிப்புகளோடு சேர்ந்து மற்றப் பகுதியை வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் பிறருடைய பதிவோடு சேர்ந்ததைவிடத் தம்முடைய சொந்தப் பதிவோடு அதிக நெருக்கமாகச் சேர்ந்து வாசித்தார்கள். நாம் மற்றவருடைய வாசிப்பை ஊகிப்பது, அதே வாசிப்பை நம் கைகளால் மனத்துக்குள் செய்து பார்த்துத்தான். அந்த உள்வாசிப்புக்கும் வெளியே ஒலிக்கும் வாசிப்புக்கும் பொருத்தம் அதிகமானால் ஊகமும் பிழையற்றதாகிறது என்று அவர்கள் முடிவு கூறினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆலத்தூர் சகோதரர்களின் நினைவு வந்தது. ஸ்ரீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உண்மையில் உடன்பிறந்தவர்கள் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தையாரிடம் இருவரும் ஒன்றாகப் பயின்றவர்கள். சிக்கலான பல்லவிகளை இரு குரலும் ஒன்றென மயங்கும்படி பாடியவர்கள். உடன்பிறப்பால் வராத ஒற்றுமையை ஒரே குருவின் பாடாந்தரம் கொடுத்தது எப்படி என்ற கேள்விக்கு, மேற்கூறிய ஆராய்ச்சி ஒரு விடை அளிப்பதாக நான் கருதுகிறேன். ஒரே பிடிகளை, ஒரே கணக்குகளை, ஒரே கையசைவோடு பல ஆண்டுகள் சாதகம் செய்தவர்களுக்கு, பக்கத்தில் பாடுபவரின் குரல் ஏறக்குறையத் தம்முடைய சொந்தப் பதிவாகவே இருந்திருக்கும். எம். எஸ். சுப்புலட்சுமிக்கு டி. கே. மூர்த்தி பல்லாண்டுகள் மிருதங்கம் வாசித்தது போன்ற நீண்ட துணைகளின் சிறப்பும் இத்தகையதே.

காலத்தை விட்டுச் சுருதிக்கு வருவோம். இங்கேயும் தனிமைக்கும் கூட்டத்துக்கும் வேறு வேறு நியாயங்கள் உள்ளன. சாதாரணமான தோற்கருவியின் வட்டத் தோலை அடித்தால் எழும் மேலொலிகள், அடிப்படை ஒலிக்கு 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற மடங்குகளில் அமைகின்றன. அவை எந்தச் சுருதியோடும் இழையாமல் வெறும் முழக்கமாகவே நின்றுவிடும். மிருதங்கத்தின் வலந்தலையில் கருமையான சோறு வைத்துக் கட்டுவதனால் அந்த மேலொலிகள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு மடங்குகளாக அமைவதை சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். தந்தி வாத்தியங்களுக்கு இயற்கையாக உள்ள இந்த ஒழுங்கைத் தோலுக்கும் வரவழைத்த நம் முன்னோரின் கைத்திறனை அவர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். ஒரே ஒரு குரலோடு ஒரே ஒரு தோற்கருவி உட்கார்ந்து, அந்தக் குரலின் ஷட்ஜத்திலேயே சேர்ந்து ஒலிக்கக்கூடிய நம் கச்சேரி முறை, இந்தச் சோறு இல்லாவிட்டால் பிறந்தே இருக்காது. தனிக் கச்சேரி என்று நாம் சொல்லுவதிலும் தம்புராவும் மிருதங்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

இரட்டை நாகஸ்வரம் சத்தத்தைப் பெருக்குவதற்காக ஏற்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டு கருவிகள் சேர்ந்தால் ஒலிச்சக்தி இரட்டிப்பது உண்மையாயினும், டெசிபெல் கணக்கில் அது மூன்றே கூடுதல். செவிக்கு இரு மடங்காகத் தோன்றப் பத்து டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து நாகஸ்வரங்கள் வேண்டும். இரட்டையின் பயன் வேறு. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் நாதம் அறுபடாமல் காக்கிறார் என்பது ஒன்று. இரு நாதங்களும் விநாடிக்கு ஓரிரு அதிர்வு வேறுபட்டாலும் எழும் அலைவு, இருவரையும் ஓயாமல் சுருதி திருத்திக்கொண்டே இருக்கச் செய்கிறது என்பது மற்றொன்று. மார்கழித் திருவாதிரை விடியற்காலையில் சீதளமாக இருக்கும் காற்று, முற்பகலில் பத்து டிகிரி சூடேறினால், ஒலியின் வேகம் கூடி, குழல் வாத்தியத்தின் சுருதி ஓர் அரைச் சுரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே உயர்ந்துவிட இடமுண்டு. அந்நாளைய ஒத்துக் குழலும் அதே காற்றில், அதே அளவு, கூடவே ஏறிக்கொண்டு வந்தது. இன்றைய மின்சாரச் சுருதிப் பெட்டி வெயிலையும் அறியாது, பக்கத்தில் ஊதுபவரின் சங்கடத்தையும் அறியாது.

கூட்டு வாசிப்பின் இன்னொரு மரபு இந்த வட்டாரத்துக்கு எப்படி அறிமுகமாயிற்று என்பதும் சொல்லத்தக்கது. திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள திருத்தணியில்தான் முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம்முடைய முதற் கிருதியைப் பாடினார் என்பது வரலாறு. அவர் குடும்பம் வாழ்ந்ததோ சென்னைக்கு வடக்கே, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலியில். அங்கே தம்மை ஆதரித்த முதலியார் குடும்பத்தின் வாயிலாகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியாரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு தீக்ஷிதருக்கும் அவர் தம்பி பாலுஸ்வாமிக்கும் கிடைத்தது. பாலுஸ்வாமி வயலினைக் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்கே உரியதாக்கினார். தமையனார், பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் செய்து, நோட்டு ஸ்வரங்கள் என்று வழங்கும் சுமார் நாற்பது உருப்படிகளை நமக்கு விட்டுச்சென்றார். ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்தின் மெட்டிலும் அவற்றுள் ஒன்று உண்டு. அணிவகுத்து நடக்கும் சிப்பாய்களின் கால்களை ஒரே அடியில் நிறுத்துவதற்காகப் பிறந்த பாண்டு இசையில், ஒருவர் தனியே நீட்டவோ குறைக்கவோ இடமில்லை. அந்த மெட்டுகளைத் தனி ஒருவர் தம்புராவோடு பாடக்கூடிய சிறு கீதங்களாக மாற்றியதில் தீக்ஷிதர் கமகங்களை அநேகமாக விலக்கியே வைத்தார். வந்த விருந்தினரின் சுபாவத்தைக் கெடுக்காமல் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை அது. பின்னாளில், 1952-இல், ஆகாசவாணி பல வாத்தியங்களைக் கூட்டி வாத்திய விருந்தம் என்ற கோஷ்டியை ஏற்படுத்தி, பண்டித ரவிசங்கரையும் டி. கே. ஜெயராமையரையும் அதை நடத்தச் செய்தது. கமகமும் மனோதர்மமும் உயிராக உள்ள சங்கீதத்தை எழுதிவைத்து இருபது பேர் ஒரே மாதிரி வாசிப்பது எளிதன்று. அந்த முயற்சி நம் கச்சேரி மேடைகளில் பெரிதாக வேரூன்றவில்லை.

நம் மரபில் தனிமையும் கூட்டும் சந்திக்கும் இடம் தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கஞ்சிராவும் முதலில் நீண்ட பகுதிகளாக மாறி மாறி வாசித்து, பிறகு குறைப்பில் அந்தப் பங்கு பாதியாகி, கால் பங்காகி, ஒவ்வோர் அட்சரமாகக் குறுகி, கடைசியில் மோராவிலும் கோர்வையிலும் இருவரும் சேர்ந்து விழுவதை ரசிக்காதவர் இல்லை. இதை ஒத்த ஒரு வழக்கம் அமெரிக்க ஜாஸ் இசையிலும் உண்டு. சார்லஸ் லிம்ப் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் ஜாஸ் பியானோக்காரர்களைக் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் செய்தார்கள். தனியே மனோதர்மமாக வாசித்தபோது, தன்னைத் தானே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கப் பகுதிகள் அடங்கியிருந்ததை 2008-இல் எழுதினார்கள். இன்னொருவரோடு நான்கு நான்கு பகுதிகளாக மாறி மாறி வாசித்தபோதோ, பேச்சின் அமைப்பை ஆளும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்படைந்ததையும், சொற்பொருளோடு தொடர்புடைய வேறு பகுதிகள் அடங்கியதையும் 2014-இல் எழுதினார்கள். ஆராயப்பட்டவர்கள் சிலரே என்பதால் இதைப் பெரிதாக நீட்டிவிடலாகாது. எனினும் தனி ஆவர்த்தனத்தில் நடப்பதை ‘கேள்வியும் பதிலும்’ என்று நம் வித்வான்கள் சொல்லிவருவது வெறும் அலங்காரமன்று என்று இதனால் துணியலாம்.

மேடைப் பயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. இசை பயிலும் மாணவர்களிடம் நடத்திய பரிசோதனைகளில், கோஷ்டியோடு வாசிக்கும்போது இருப்பதைவிடத் தனித்து வாசிக்கும்போது படபடப்பு அதிகம் என்று தெரியவந்திருக்கிறது. இருதயம் விரைந்து அடித்து, கை நடுங்கி, வாய் உலர்வது எல்லோருக்கும் தொல்லை என்றாலும், சீவாளி நனைந்திருந்தால்தான் நாதம் பேசும் என்ற நிலையிலுள்ள நாகஸ்வரக்காரருக்கு உலர்ந்த வாய் பெரும் சோதனை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில், நம் குழந்தைகளுக்குச் சங்கீதம் கற்பிக்கும் இன்றைய முறை எனக்குக் கவலையளிக்கிறது. பிள்ளை வீட்டில் சுருதிப் பெட்டியோடும், கைப்பேசியில் ஒலிக்கும் தாளத்தோடும் தனியே சாதகம் செய்கிறது. வகுப்பில் குருவோடு மட்டும் பாடுகிறது. பிறகு ஒரு நாள் நேராக மேடையேறுகிறது. தாள இயந்திரம் ஒருபோதும் தவறாது என்பதே அதன் குறை. ஐவானா கொன்வாலின்கா முதலியோர் 2010-இல் காட்டியபடி, இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தட்டும்போது இருவருமே பின்பற்றுபவர்களாகிறார்கள். ஒவ்வொரு தட்டலிலும் இருவரும் பரஸ்பரம் நகர்ந்து கொடுக்கிறார்கள். இயந்திரத்தோடு தட்டும்போது நகர்பவன் மனிதன் ஒருவனே. அவன் பின்பற்றக் கற்றுக்கொள்வான். தன் வாசிப்பால் இன்னொருவர் அசைவதை உணரும் சந்தர்ப்பம் மட்டும் அவனுக்கு வாய்ப்பதில்லை. மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க இயலாத சிறிய கோயில்களில் தீபாராதனை வேளைக்கு மின்சார மேளத்தின் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த வேளையில் கையில் தாளத்தோடு நின்று தொழில் கற்க வேண்டிய ஒரு சிறுவனின் இடம் அங்கே காலியாகிவிடுகிறது.

பழைய நாகஸ்வரக் குடும்பங்களில் பிள்ளைகள் குழலைத் தொடுவதற்கு முன்பே கோஷ்டியோடு வீதியில் நடந்து தாளம் போட்டார்கள், ஒத்து ஊதினார்கள். ராத்திரி முழுவதும் புறப்பாட்டில் நடந்து, மல்லாரியின் காலங்களைக் கைகளால் காத்து நின்ற பிறகே அவர்களுக்குச் சீவாளி கிடைத்தது. அது சிறுவர்களிடம் வாங்கிய எடுபிடி வேலை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஒப்பவில்லை. விலகிச் செல்லும் கடிகாரங்கள் பலவற்றின் நடுவே நின்று, எல்லோரையும் கேட்டு, எவர் அவசரத்துக்கும் இழுபடாமல் இருக்கும் பயிற்சியை வேறெந்த ஆசனத்திலிருந்தும் பெற முடியாது.

நம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் தேவாரமும் மிருதங்கமும் வயலினும் ஒரே கட்டடத்தில், தனித்தனி அறைகளில் கற்பிக்கப்படுகின்றன. வாரத்தில் ஒரு மணி நேரம் அந்த அறைக் கதவுகளைத் திறந்து, எல்லா மாணவர்களையும் ஒரே கூடத்தில், ஒருவர் மூச்சு வாங்குவது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி நெருக்கமாக உட்காரவைக்கலாம். சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு ஒருவர் ஒத்து ஊதட்டும்; தேவார வகுப்பு மாணவி நட்டபாடையில் ஒரு பதிகம் எடுக்கட்டும்; வயலின் அதைத் தொடரட்டும்; மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பாட்டு, தாளம் போடட்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய உத்தியோகமும் வேண்டாம். கால அட்டவணையில் ஒரு கட்டம் போதும்.